பழைய கணினியில் லினக்ஸ், மூன்று மைக், நடுநடுவே ‘டக்’ ஓசை: பிழை எங்கே?

வலந்தலை:

அனைவருக்கும் வணக்கம். வீட்டின் மாடியறையில் மிருதங்கப் பாடங்களையும், தெரிந்த பாடகர்கள் பாடும் கீர்த்தனைகளையும் பதிவுசெய்து கொடுத்து வருகிறேன். என்னிடம் இருப்பது ஏழாம் தலைமுறை இன்டெல் செயலி கொண்ட மேசைக் கணினி. விண்டோஸ் 11-க்கான தகுதிப் பட்டியலில் அதற்கு இடமில்லை. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவோ 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினியைக் காயலான் கடைக்குப் போட மனம் வராததால் இசைப் பணிக்கென அமைத்த லினக்ஸ் இயங்குதளமான உபுண்டு ஸ்டூடியோ 24.04-ஐ நிறுவி, அதனுடனேயே வரும் ஆர்டோர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் வேலையைத் தொடங்கினேன். மைக்குகளைக் கணினியுடன் இணைக்கும், நான்கு உள்ளீடுகள் கொண்ட என் யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ், எந்த டிரைவரையும் நிறுவாமலேயே செருகியவுடன் வேலை செய்தது எனக்கே வியப்பாக இருந்தது.

சிக்கல் அதன் பிறகுதான் தொடங்கியது. குரலுக்கு ஒரு மைக், மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலைக்கு ஒன்று, இடப்பக்கமான தொப்பிக்கு ஒன்று என மூன்று தடங்களில் பதிகிறேன். வீதம் செகண்டுக்கு 48,000 சாம்பிள் (ஒலியின் அளவீட்டுத் துளிகள்), கணினி ஒரு தவணையில் கையாளும் பஃபர் 64 சாம்பிள். பத்து நிமிடப் பதிவில் பதினான்கு இடங்களில் ‘டக்’ என்று ஓர் ஓசை விழுகிறது. தனி ஆவர்த்தனத்தில் விழுந்தால் யார் காதுக்கும் அது தெரிவதில்லை. தாளவாத்தியம் இல்லாமல் விருத்தம் பாடும்போது விழுந்தால் ஒளித்துவைக்க இடமே இல்லை. இதற்கு ரியல்டைம் கெர்னல் (இயங்குதளத்தின் மையநிரலில் ஒரு வகை) நிறுவ வேண்டும் என்று ஒருவர் சொல்கிறார், ஆர்டோரை விட்டுவிட்டு ரீப்பர் என்ற வேறொரு பதிவு மென்பொருளுக்கு மாறச் சொல்கிறார் மற்றொருவர். எதிலிருந்து தொடங்குவது? விலை கொடுத்து வாங்கிய விண்டோஸ் பிளகின்கள் (பதிவு மென்பொருளுக்குள் செருகும் துணை நிரல்கள்) சிலவும் என்னிடம் உள்ளன. அவற்றின் கதி என்ன என்பதையும் அறிய விரும்புகிறேன்.

முனையம்:

நண்பரே, கெர்னலை இப்போதைக்குத் தொடவேண்டாம். ரியல்டைம் திருத்தங்கள் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தனித் தொகுப்பாகவே இருந்து, 2024 நவம்பரில் வெளியான 6.12 கெர்னலில்தான் முதன்மை மூலநிரலுடன் முழுமையாகச் சேர்ந்தன. உங்கள் பதிப்பு முதலில் வெளியானபோது வந்தது 6.8, அதையும் உபுண்டு ஸ்டூடியோ குறைந்த தாமதத்துக்கென அமைத்தே தருகிறது. மூன்று மைக் பதிவுக்கு அது தாராளமாகப் போதும். ரியல்டைம் கெர்னல் என்பது கணினியை வேகப்படுத்தும் மருந்தன்று. மிக மோசமான தருணத்தில் எவ்வளவு தாமதமாகும் என்பதற்கு வரம்பு போடும் ஏற்பாடு மட்டுமே.

நீங்கள் கேட்கும் ‘டக்’கை இந்த வட்டாரத்தில் எக்ஸ்-ரன் என்பார்கள். இன்டர்ஃபேஸ் அடுத்த தவணை ஒலியை எடுக்கவோ கொடுக்கவோ வரும் நேரத்தில் மென்பொருள் தயாராக இல்லாவிட்டால் அந்த இடத்தில் ஒலி அறுந்துபோகும். ஆர்டோர் இதை எண்ணிக்கையாகக் காட்டும். கணினிக்குள் ஒலியை வழிநடத்தும் பைப்வயர் என்ற நிரலுடன் வரும் பிடபிள்யூ-டாப் என்ற கட்டளையை, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் முனையச் சாளரத்தில் ஓடவிட்டால், ஒவ்வொரு சாதனத்துக்கும் எதிரே பிழைகளின் எண்ணிக்கை ஒரு நெடுவரிசையில் ஏறுவதைக் காணலாம். எந்த வரியில் அந்த எண் ஏறுகிறது என்று முதலில் பாருங்கள்.

உங்கள் பயனர் கணக்கு ‘ஆடியோ’ குழுவில் உள்ளதா என்பதையும் பாருங்கள். அந்தக் குழுவினரின் நிரல்களுக்கு உயர்ந்த முன்னுரிமையும், நினைவகத்தை வட்டுக்குத் தள்ளாமல் பூட்டிவைக்கும் அனுமதியும் தரப்படுகின்றன. வழக்கமான அமைப்புக் கோப்பில் முன்னுரிமை 95 என்றும், நினைவகத்துக்கு வரம்பில்லை என்றும் இரண்டே வரிகள் இருக்கும். பிறகு செயலியின் வேகக் கட்டுப்பாடு மின்சேமிப்பு நிலையில் இருந்தால் அதைச் செயல்திறன் நிலைக்கு மாற்றுங்கள். வேலை குறைவு என்று செயலி கண்ணயரும் நேரத்தில்தான் பஃபர் வந்து கதவைத் தட்டும்.

ஆறரைக்கட்டை:

முனையம் சொல்வதில் தவறில்லை. ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று இருக்கிறது. உங்களுக்கு எதற்கு 64 சாம்பிள்?

கணக்கைப் பாருங்கள். 48,000 வீதத்தில் 64 சாம்பிள் என்பது 1.33 மில்லிசெகண்டு. அதாவது ஒவ்வொரு செகண்டிலும் 750 முறை கணினி தவறாமல் வந்து வேலையை முடித்துக் கொடுக்க வேண்டும். 256 என்றால் 5.33 மில்லிசெகண்டு, 1024 என்றால் 21.3. கீபோர்டை அழுத்தி மென்பொருள் பியானோவை வாசிப்பவருக்கும், கிட்டார் ஒலியைக் கணினிக்குள் செலுத்தி ஆம்ப்ளிஃபையர் பிளகின் வழியாகத் திரும்பக் கேட்பவருக்கும் சிறிய பஃபர் உயிர்நாடி. உங்களிடம் இருப்பதோ தோலும் தொண்டையும். அவற்றின் ஒலி கணினியில் பிறப்பதில்லை. இன்டர்ஃபேஸின் முகப்பில் நேரடிக் கண்காணிப்புக்கு ஒரு குமிழோ பொத்தானோ இருக்கும். அதை இயக்கினால் மைக்கின் ஒலி கணினிக்குள் நுழையாமலே ஹெட்போனுக்கு வந்துவிடும். பிறகு பஃபரை 1024 என்று வைத்துக்கொண்டு நிம்மதியாகப் பதிவுசெய்யலாம். பதிவான ஒலி எவ்வளவு தாமதமாக வந்தது என்பதை ஆர்டோர் ஈடுசெய்து, தடத்தைச் சரியான இடத்தில் வைத்துவிடும். முன்கூட்டி ஒரு கேபிளால் வெளியீட்டையும் உள்ளீட்டையும் இணைத்து, ஒரு முறை தாமதத்தை அளந்து கொடுத்துவிட்டால் போதும்.

மேலும் ஒன்று. ஒலி ஒரு மில்லிசெகண்டில் காற்றில் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் செல்கிறது. மேடையில் பாடகருக்கும் மிருதங்கக் கலைஞருக்கும் இடையே இரண்டு மீட்டர் இருந்தால், அங்கேயே ஆறு மில்லிசெகண்டு தாமதம் உண்டு. அதைப் பற்றி எந்த வித்வானும் இதுவரை குறைபட்டுக்கொண்டதாக நான் கேள்விப்படவில்லை.

மந்திரஸ்தாயி:

ஆறரைக்கட்டை ஐயா சொன்ன கடைசிக் கணக்கை மட்டும் நான் ஏற்கமாட்டேன், பாடுகிறவள் என்ற முறையில். மிருதங்கத்தின் ஒலி ஆறு மில்லிசெகண்டு கழித்து வந்தால் எனக்கு ஒன்றும் ஆவதில்லை. என் குரலே ஆறு மில்லிசெகண்டு கழித்து என் காதுக்கு வருவது வேறு விஷயம். என் குரல் எலும்பின் வழியாக எனக்கு ஏற்கெனவே கேட்டுவிடுகிறது. ஹெட்போனில் சற்றுப் பிந்தி வரும் அதே குரல் அதனுடன் கலக்கும்போது சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. குரல் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் மெலிகிறது. அதைத் தாமதம் என்று பாடுபவரால் அடையாளம் காண முடியாது. “இன்றைக்குக் குரல் நிற்கவில்லை” என்று மட்டும் தோன்றும், உடனே கூடுதலாக அழுத்திப் பாடத் தொடங்குவோம். ஒரு ஸ்டூடியோவில் அரை நாள் இப்படித் தொண்டையைக் கெடுத்துக்கொண்ட பிறகுதான் எனக்குக் காரணம் புரிந்தது.

ஆகவே நேரடிக் கண்காணிப்பு என்ற முடிவில் எனக்கும் உடன்பாடே. கணினி வழியாகக் கேட்டே ஆகவேண்டும் என்றால், ஒரு காதை ஹெட்போனிலிருந்து விடுவித்துக்கொண்டு பாடுவது நல்லது.

ஆறரைக்கட்டை:

அம்மா, திருத்தத்தை ஏற்கிறேன். நான் பக்கவாத்தியத்தின் பக்கத்திலிருந்தே யோசித்துவிட்டேன்.

வலந்தலை:

மூவருக்கும் நன்றி. சோதித்துப் பார்த்தவற்றை எழுதுகிறேன்.

முதலில் ஒரு வெட்கக்கேடு. மாணவர்களும் பயன்படுத்தட்டும் என்று நிறுவிய மறுநாளே புதிதாக ஒரு பயனர் கணக்கைத் தொடங்கி, அதிலேயே நானும் வேலை செய்துகொண்டிருந்தேன். அந்தக் கணக்கு ஆடியோ குழுவில் இல்லை. சேர்த்துவிட்டு, வெளியேறி, மீண்டும் நுழைந்த பிறகு பதினான்கு ஐந்தாகக் குறைந்தது. நேரடிக் கண்காணிப்பை இயக்கிப் பஃபரை 256 ஆக்கினேன். என் கணக்குப்படி அத்துடன் கதை முடிந்திருக்க வேண்டும், முடியவில்லை. ஐந்து ஐந்தாகவே நிற்கிறது. 1024-க்குப் போனாலும் நான்கு. பிடபிள்யூ-டாப்பில் பிழை ஏறுவது இன்டர்ஃபேஸின் வரியில்தான். ஆர்டோரின் வரியில் இல்லை. செயலியின் சுமை பத்து விழுக்காட்டைத் தாண்டவே இல்லை.

முனையம்:

இதுதான் பயனுள்ள தகவல். பஃபரை நான்கு மடங்காக்கியும் எண்ணிக்கை அசையவில்லை என்றால் கணினி வேலையை முடிக்கத் திணறவில்லை. ஒலி வரும் பாதையிலேயே தடங்கல் இருக்கிறது.

பாதையைச் சற்று விளக்கிவிடுகிறேன், ஏனெனில் பலரும் இந்த இடத்தில்தான் குழம்புகிறார்கள். அடியில் இருப்பது கெர்னலின் பகுதியான ஆல்சா. சாதனத்துடன் பேசுவது அது ஒன்றே. அதற்கு மேலே முன்பு இரண்டு தனிக் குடித்தனங்கள் இருந்தன: உலாவிக்கும் படம் பார்ப்பதற்கும் பல்ஸ் ஆடியோ, இசைக்காரர்களுக்கு ஜாக். ஒன்று சாதனத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றொன்று வெளியே நிற்க வேண்டும் என்ற அவதி பல ஆண்டுகள் இருந்தது. ஜாக்கை எழுதத் தொடங்கியவர் ஆர்டோரை எழுதிய அதே பால் டேவிஸ். ரெட் ஹாட்டில் பணிபுரியும் விம் டைமன்ஸ் உருவாக்கிய பைப்வயர் இந்த இரண்டின் வேலையையும் ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவந்தது. ஃபெடோரா 34 அதை 2021-இல் இயல்பு அமைப்பாக ஏற்றது, 1.0 பதிப்பு 2023 நவம்பரில் வெளியானது. இப்போது ஆர்டோர் “ஜாக்கிடம் பேசுகிறேன்” என்று நினைத்துக்கொண்டு பேசினாலும் மறுமுனையில் இருப்பது பைப்வயர்தான். அதனால்தான் பஃபர் அளவை ஆர்டோருக்குள் அன்றி, உபுண்டு ஸ்டூடியோவின் ஒலி அமைப்புக் கருவியில் மாற்ற வேண்டியிருக்கிறது.

ஒரு சோதனை செய்யுங்கள். ஆர்டோரின் ஒலி அமைப்பில் ஜாக்குக்குப் பதிலாக ஆல்சாவை நேரடியாகத் தேர்ந்தெடுங்கள். அப்போது இன்டர்ஃபேஸ் முழுவதும் ஆர்டோரின் கைக்குப் போய்விடும். உலாவிக்கு அதில் ஒலி கிடைக்காது. பதிவு நேரத்தில் அதுவும் நல்லதே. அதிலும் ‘டக்’ வந்தால் பைப்வயர் குற்றமற்றது. அதன் பின் யூஎஸ்பி சாதனங்களை மரமாகக் காட்டும் கட்டளையை ஓட்டி, உங்கள் இன்டர்ஃபேஸ் எந்தக் கிளையில், யாருடன் தொங்குகிறது என்று எழுதுங்கள்.

எட்டுத்தடம்:

இடையில் பிளகின் கேள்விக்கு யாரும் பதில் எழுதவில்லை. நான் மூன்று ஆண்டுகளாக லினக்ஸில் விளம்பரப் பாடல்களுக்கு இசையமைக்கிறேன்; இந்த ஒன்றில் பட்டுத் தெளிந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

விண்டோஸ் பிளகின்களை லினக்ஸில் ஓட்ட யாபிரிட்ஜ் என்ற கருவி உண்டு. விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓடவைக்கும் ஒயின் என்னும் அடுக்கின் மேல் பிளகினை ஓடவைத்து, அதன் முகத்தை மட்டும் ஆர்டோருக்கோ ரீப்பருக்கோ பிட்விக்குக்கோ லினக்ஸ் பிளகின்போல் காட்டும். பிளகின் கோப்புறையை ஒருமுறை சேர்த்து, ஒத்திசைவுக் கட்டளையைக் கொடுத்தால் வேலை முடிந்தது. நான் வைத்திருக்கும் ஈக்வலைசர்களும் கம்ப்ரசர்களும் சொந்த ஊரில் ஓடுவதுபோலவே ஓடுகின்றன. ஆனால் ஒயின் பதிப்பைக் கண்ணை மூடிக்கொண்டு புதுப்பிக்காதீர்கள்: 9.22 வந்தபோது பிளகினின் சாளரத்தில் நாம் அழுத்தும் இடம் ஒன்றாகவும் கணினி புரிந்துகொள்ளும் இடம் வேறாகவும் போனது. குமிழைத் தேடி வெற்றிடத்தில் சொடுக்கிக்கொண்டிருந்தேன். 9.21-க்கே திரும்பி, அதை அந்த எண்ணிலேயே பூட்டிவைத்த பிறகுதான் வேலை நடந்தது.

ஓடாதவை எவை என்று கேட்டால், ஒலி சார்ந்தவை அல்ல, உரிமம் சார்ந்தவை. ஒரு நிறுவனத்திடம் நல்ல விலை கொடுத்து வாங்கிய வீணை ஒலித் தொகுப்பு என்னிடம் இருக்கிறது. அதன் ஒலிக்கோப்புகள் எந்தக் கணினியிலும் திறக்கக்கூடியவையே. அவற்றைக் காவல் காக்கும் உரிமச் சரிபார்ப்பு நிரல்தான் ஒயினில் எழ மறுக்கிறது. வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். லினக்ஸ் ஆதரிக்கப்படவில்லை என்று ஒரு வரியில் பதில் வந்தது. இயங்குதளத்தை மாற்றும்போது இழப்பது மென்பொருளை அன்று, வாங்கிய பொருளின் சாவியை.

எனவே புதிதாக வாங்குவோர் லினக்ஸுக்கென்றே வருபவற்றைப் பாருங்கள். பியானோவுக்குப் பியானோடெக், சிந்தசைசருக்குச் சர்ஜ் எக்ஸ்டி, எதிரொலிக்கு டிராகன்ஃபிளை, ஈக்வலைசர் கம்ப்ரசர்களுக்கு எல்எஸ்பி தொகுப்பு. பியானோடெக் மட்டும் விலைக்கு, மற்ற மூன்றும் இலவசம்.

ஆறரைக்கட்டை:

இவர் சொல்வது சரி. வலந்தலை ஐயாவின் வேலைக்கு ஈக்வலைசர், கம்ப்ரசர், எதிரொலி மூன்றுக்கு மேல் என்ன தேவை? அதற்கும் முன் ஒரு சிறு சோதனை: ஆர்டோரின் மிக்சரில் ஒவ்வொரு தடத்தின் தலையிலும் குறுக்குக்கோடு போட்ட வட்டம் ஒன்று இருக்கும், அலையைத் தலைகீழாக்கும் பொத்தான். வலந்தலை மைக்கையும் தொப்பி மைக்கையும் சேர்த்து ஒலிக்கவிட்டு, தொப்பித் தடத்தில் மட்டும் அதை அழுத்திக் கேளுங்கள். ஒரு பக்கத் தோல் உள்ளே போகும்போது உள்ளிருக்கும் காற்று மறுபக்கத் தோலை வெளியே தள்ளுகிறது. எதிரெதிரே நிற்கும் இரண்டு மைக்குகளும் ஒரே அடியை எதிரெதிராகப் பதிவுசெய்கின்றன. கலக்கும்போது தொப்பியின் அடிநாதம் பாதி கரைந்துவிடும். அந்தப் பொத்தானை அழுத்தியவுடன் தொப்பி எழுந்து உட்காருவதைக் கேட்டால், அடிநாதத்துக்காகத் தொப்பியில் ரவை பூசியது வீண்போகவில்லை என்று தோன்றும். எந்தப் பிளகினும் செய்யாத வேலை அது.

ரீப்பரா ஆர்டோரா என்ற கேள்விக்கும் ஒரு சொல். ரீப்பர் திறமூல மென்பொருள் அன்று. ஆனால் லினக்ஸுக்கென்றே பதிப்பு தருகிறார்கள், 60 நாள் முழுமையாகச் சோதிக்கலாம், தனிநபர் உரிமம் 60 டாலர். ஆர்டோரின் மூலநிரல் ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தில் அனைவருக்கும் கிடைக்கிறது. விநியோகங்களின் களஞ்சியத்தில் இலவசமாகவும் கிடைக்கும். அவர்களே கட்டித் தரும் ஆயத்தப் பதிப்புக்கு மட்டும் பணம் கேட்கிறார்கள். “திறமூலம் என்று சொல்லிவிட்டுக் காசு கேட்பதா” என்று சிலர் கோபப்படுவதுண்டு. பால் டேவிஸ் அமேசானின் தொடக்கக்கால நிரலாளர்களில் ஒருவர். அதை விட்டு வந்து கால் நூற்றாண்டாக இதையே எழுதிக்கொண்டிருக்கிறார். ஒரு கச்சேரி டிக்கெட்டின் விலையை அவருக்குக் கொடுப்பதில் எனக்கு வருத்தமில்லை.

மந்திரஸ்தாயி:

சர்ஜ் எக்ஸ்டி என்ற பெயர் வந்ததால் ஒரு குறிப்பு. அதில் சுர இடைவெளிகளை எழுதிவைக்கும் ஸ்காலா கோப்பு மூலம் நம் சுருதியமைப்பைக் கொடுக்க முடியும். அந்தர காந்தாரத்தை 5/4 என்ற விகிதத்தில் வைத்தால் 386 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு) அளவில் நிற்கும்; கீபோர்டின் இயல்பான 400 சென்ட் காந்தாரத்தைவிடப் பதினான்கு சென்ட் கீழே. தம்புராவுடன் சேர்த்துக் கேட்டால் அந்தப் பதினான்கின் அருமை தெரியும். கோப்பை எழுதும்போது ஓர் எச்சரிக்கை: சென்ட் மதிப்பில் தசமப் புள்ளி இருந்தே ஆகவேண்டும். 386.31 என்று எழுதினால் சென்ட். புள்ளியில்லாமல் 386 என்று எழுதினால் 386 மடங்கு என்று பொருள். நான் அப்படி எழுதிவிட்டு, காந்தாரம் மட்டும் ஏன் ஊமையாகிவிட்டது என்று ஒரு மாலை முழுவதும் தேடினேன். அது காதுக்கு எட்டாத உயரத்தில் ஒலித்துக்கொண்டிருந்தது.

வீதங்களையும் கலக்காதீர்கள். முன்பு ஆர்டோரின் ஐந்தாம் பதிப்பில், 44,100 வீதத்தில் பதிந்த ஓர் அமர்வை, வந்த எச்சரிக்கையைப் படிக்காமல் 48,000-இல் திறந்துவிட்டேன். ஒரு கட்டையில் பதிந்த தம்புரா, ஒன்றரைக் கட்டைக்கும் இரண்டு கட்டைக்கும் நடுவே எங்கோ போய் நின்றது.

வலந்தலை:

கண்டுபிடித்துவிட்டேன். ஆல்சாவை நேரடியாகத் தேர்ந்தெடுத்தும் ‘டக்’ வந்தது; எனவே பைப்வயர் குற்றமற்றது. மரக் கட்டளையில் பார்த்தால், மேசைக்கு அடியில் நான் ஒட்டிவைத்திருக்கும் யூஎஸ்பி ஹப் ஒன்றில் இன்டர்ஃபேஸும் வெளி வட்டும் ஒரே கிளையில் தொங்கிக்கொண்டிருந்தன. பதிவு எழுதப்படுவதும் அந்த வட்டில்தான். அதாவது மைக்கின் ஒலி ஹப்பின் வழியாக உள்ளே வந்து, அதே ஹப்பின் வழியாக வெளியே போய் வட்டில் விழுந்திருக்கிறது. வட்டு வேகம் குறைவு என்றால் ஆர்டோர் அதைத் தனியாகவே சொல்லும், எனக்கு அந்தச் செய்தி வரவில்லை. அதனால்தான் வட்டைச் சந்தேகிக்கவே தோன்றவில்லை.

இன்டர்ஃபேஸைக் கணினியின் பின்புறத் துளையில் நேராகச் செருகி, அமர்வை உள்வட்டுக்கு மாற்றினேன். நேற்று மாலை நாற்பது நிமிடம் இடைவிடாமல் பதிவுசெய்தேன். 256 சாம்பிள், எக்ஸ்-ரன் பூஜ்ஜியம். இன்று காலை ஆசைக்கு 64-இலும் பத்து நிமிடம் ஓட்டினேன், ஒன்று வந்தது. அது இருந்துவிட்டுப் போகட்டும்.

தொப்பித் தடத்தின் வட்டப் பொத்தானை அழுத்தினேன், ஆறரைக்கட்டை ஐயா. இத்தனை ஆண்டுகள் விண்டோஸில் ஈக்வலைசரை ஏற்றி ஏற்றித் தேடிக்கொண்டிருந்த கும்காரம் அங்கே இருந்தது.

எட்டுத்தடம்:

மகிழ்ச்சி. பழைய விண்டோஸ் அமர்வுகளை என்ன செய்வதாக உத்தேசம்? மென்பொருள் விட்டு மென்பொருள் செல்ல டாப்ராஜெக்ட் என்ற பொது வடிவத்தைப் பிட்விக்கும் பிரிசோனஸும் 2023-இல் வெளியிட்டன. உங்கள் பழைய மென்பொருள் அதை ஏற்றுமதி செய்யாவிட்டால், ஒவ்வொரு தடத்தையும் பூஜ்ஜிய நொடியிலிருந்து தனித்தனி வேவ் கோப்பாக எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. பிளகினின் விளைவோடு ஒன்று, விளைவில்லாமல் ஒன்று என இரண்டு பிரதி எடுங்கள்.

வலந்தலை:

அதைத்தான் இந்த வாரம் முழுவதும் செய்துகொண்டிருக்கிறேன். முப்பத்தாறு அமர்வுகளில் முப்பத்து நான்கு முடிந்தன. மீதி இரண்டில், உங்கள் வீணைத் தொகுப்பைப் போலவே உரிமச் சாவி கேட்கும் ஒரு பிளகின் உட்கார்ந்திருக்கிறது. இணையம் இல்லாமல் அது திறக்காது, அந்த விண்டோஸை இணையத்தில் விட எனக்குத் துணிவில்லை. பழைய வட்டைக் கழற்றி, மேலே தேதி எழுதி அலமாரியில் வைத்திருக்கிறேன்.